காட்டு வழியே ஏழு நாள்: முதுமலை, வால்பாறை, இரவிகுளம் காரில் போகிறவர்களுக்கு

மேற்குத் தொடர்ச்சி மலைக்குக் காரில் கிளம்புகிறவர்களில் பலர் மேப்பைப் பார்த்துக் கிலோமீட்டரைக் கூட்டி, அறுபதால் வகுத்து, இத்தனை மணிக்குப் போய்ச் சேர்ந்துவிடலாம் என்று கணக்குப் போடுகிறார்கள். அந்தக் கணக்கு இங்கே பலிக்காது. இந்த மலையில் உங்கள் நேரம் வனத்துறைச் சோதனைச் சாவடியின் கையில் இருக்கிறது. எந்தச் சாவடி எத்தனை மணிக்கு மூடும், எந்தத் திசையில் எந்த வண்டியை விடுவார்கள் என்பதை முதலில் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். தங்கும் ஊர், சாப்பாடு, புறப்படும் நேரம் எல்லாவற்றையும் அதிலிருந்து பின்னோக்கிப் போடுங்கள்.

இங்கே சொல்லும் வழி கோவையில் தொடங்கிக் கோவையிலேயே முடிகிறது. மேட்டுப்பாளையம், ஊட்டி, கூடலூர் வழியாக முதுமலை. அங்கிருந்து பந்திப்பூர் போய்த் திரும்பி, மசினகுடி, கல்லட்டி, கோத்தகிரி வழியாக இறங்கிப் பொள்ளாச்சி. பிறகு ஆழியாறு, வால்பாறை, மளுக்கப்பாறை, அதிரப்பள்ளி, சாலக்குடி. கடைசியாக மூணாறு, இரவிகுளம், மறையூர், சின்னாறு, உடுமலை. சுமார் 900 கி.மீ. சமவெளியில் இரண்டு நாள் ஓட்டம்தான். இங்கே ஏழு நாளுக்குக் குறைத்தால் காட்டைப் பார்க்க முடியாது, ரோட்டை மட்டும்தான் பார்ப்பீர்கள்.

எந்த மாதம்

ஜனவரி மூன்றாவது, நான்காவது வாரம்தான் எங்கள் தேர்வு. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. வால்பாறை, மூணாறு பக்கம் மண் சரியும். 2019 ஆகஸ்டில் நீலகிரி அவலாஞ்சியில் ஒரே நாளில் 800 மி.மீ.க்கு மேல் கொட்டியது. அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவமழை மேட்டுப்பாளையம், குன்னூர் சரிவைப் பிடிக்கும். பிப்ரவரியில் காடு காய்ந்து காட்டுத்தீ பயம் வந்துவிடும். சஃபாரியை எப்போது வேண்டுமானாலும் நிறுத்துவார்கள். பிப்ரவரி, மார்ச்சில் வரையாடு குட்டி போடும் காலம் என்பதால் இரவிகுளத்தையும் மூடிவிடுவார்கள். ஏப்ரல், மே என்றால் ஊட்டிக் கூட்டம். பொங்கல் விடுமுறை முடிந்த பிறகு ஜனவரி கடைசிவரை உள்ள அந்தச் சின்ன இடைவெளியில்தான் எல்லாக் கதவும் திறந்திருக்கும், வானமும் வெளுத்திருக்கும். குடியரசு தினத்தை ஒட்டிச் சேர்ந்தாற்போல் விடுமுறை வந்தால் அந்த மூன்று நாளை மட்டும் தவிர்த்துவிடுங்கள். இதில் ஒரு நஷ்டம் உண்டு: அருவிகளில் தண்ணீர் குறைந்திருக்கும். காட்டுக்காகப் போகிறோம் என்றால் அது பெரிய நஷ்டம் இல்லை.

கிளம்பும் முன் கையில் இருக்க வேண்டியவை

நீலகிரிக்கு இ-பாஸ் வேண்டும். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7-ல் தொடங்கிய ஏற்பாடு இது. வால்பாறைக்கும் 2025 நவம்பர் 1 முதல் தனியாக இ-பாஸ் உண்டு. நீலகிரிக்கு எடுத்தது அங்கே செல்லாது. அரசின் இ-பாஸ் இணையதளத்தில் வண்டி எண், ஆள் எண்ணிக்கை, தங்கும் இடம், தேதி கொடுத்தால் கியூஆர் கோடு வரும். கட்டணம் கிடையாது. பலர் கோட்டை விடுவது தேதியில்தான். இந்தப் பயணத்தில் பந்திப்பூர் போய்விட்டு கர்நாடக எல்லையிலிருந்து மறுபடி நீலகிரிக்குள் நுழைகிறீர்கள். அதனால் முதல் நாளிலிருந்து மூன்றாம் நாள்வரை பாஸ் நீண்டிருக்க வேண்டும். கோடுகளை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சாவடி இருக்கும் இடத்தில் சிக்னல் இருக்கும் என்று நம்பக் கூடாது.

வாடகைக் கார் என்றால் கர்நாடகம், கேரளம் இரண்டுக்கும் பர்மிட் இருக்கிறதா என்று டிரைவரிடம் முன்பே கேட்டுவிடுங்கள். பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் நீலகிரியில் தடை. கல்லாறில் சோதனை போட்டு வாங்கிவிடுவார்கள். ஆளுக்கு ஒரு லிட்டர் எவர்சில்வர் பாட்டிலும், வண்டியில் பத்து லிட்டர் கேனும் போதும். முதுமலை சஃபாரிக்கும் இரவிகுளத்துக்கும் ஆன்லைனில் சீட்டு எடுத்துவிட்ட பிறகே தங்கும் அறையைப் பதிவு செய்யுங்கள். பலர் இதைத் தலைகீழாகச் செய்துவிட்டு, அறை இருக்கிறது சீட்டு இல்லை என்று நிற்கிறார்கள்.

வண்டியில் பார்க்க வேண்டியது

இந்த வழியில் நின்றுபோகும் வண்டிகளில் பல பிரேக்கால் நிற்பவை. ஆகவே மெக்கானிக்கிடம் மற்றதைச் சொல்வதற்கு முன் பிரேக் ஆயிலைப் பற்றிக் கேளுங்கள். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும். டாட் 4 ரகம் புதிதாக இருக்கும்போது 230 டிகிரி செல்சியஸ் வரையாவது கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது தரவிதி. ஈரம் சேர்ந்த ஆயிலுக்கு அதே விதி 155 டிகிரிதான் கேட்கிறது. நீண்ட இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் அந்தச் சூட்டை எட்டுவது கஷ்டமே இல்லை. ஆயில் கொதித்துக் குமிழி உண்டானால் உங்கள் மிதி குமிழியைத்தான் அமுக்கும், பிரேக் பேடை அமுக்காது. பெடல் அப்படியே தரையைத் தொடும். ஆயில் மாற்றி இரண்டு வருஷம் ஆகியிருந்தால் மாற்றிவிடுங்கள். பிரேக் பேட் 3 மி.மீ.க்குக் கீழே இருந்தால் அதையும்.

டயர் காற்று, காலையில் வண்டி ஓடுவதற்கு முன், டிரைவர் பக்கக் கதவு ஓரத்து ஸ்டிக்கரில் உள்ள அளவு. ஸ்டெப்னியிலும் காற்றுப் பாருங்கள், யாரும் பார்ப்பதில்லை. கூலன்ட், வைப்பர், முன்விளக்கு. சக்கரத்துக்கு முட்டுக்கொடுக்க இரண்டு மரக்கட்டை டிக்கியில் கிடக்கட்டும். தலைசுற்றி வாந்தி எடுப்பவர்கள் இருந்தால் மாத்திரையை மலை ஏறத் தொடங்குவதற்கு அரை மணி முன்பே கொடுத்துவிட வேண்டும். முதல் வளைவில் கொடுத்தால் மாத்திரையும் சேர்ந்து வெளியே வரும்.

முதல் நாள்: கோவை முதல் தெப்பக்காடு

காலை ஆறுக்குள் மேட்டுப்பாளையத்தைத் தாண்டிவிடுங்கள். குன்னூர் சாலையில் 14 கொண்டை ஊசி வளைவுகள். சீசனில் ஏற்றம் குன்னூர் வழி, இறக்கம் கோத்தகிரி வழி என்று ஒருவழியாக்குவார்கள். மற்ற நாளிலும் அதே முறையைப் பின்பற்றுவது நல்லது. ஊட்டியில் நிற்க வேண்டாம். டிபன் முடித்து, பெட்ரோல் நிரப்பி, பைக்காரா வழியாக இறங்குங்கள். ஊசிமலையில் பத்து நிமிஷம் நின்றால் கூடலூர்ப் பள்ளத்தாக்கு முழுவதும் தெரியும். ஊட்டியிலிருந்து கூடலூர் 50 கி.மீ., அங்கிருந்து தெப்பக்காடு 17 கி.மீ. கூடலூரைத் தாண்டித் தொரப்பள்ளிச் சாவடியிலிருந்து புலிகள் காப்பகம்.

மாலை சஃபாரி வனத்துறை வண்டியில்தான். சொந்தக் காரை உள்ளே விடுவதில்லை. சஃபாரியில் புலி தெரியும் என்று போகாதீர்கள். அதை முடித்துவிட்டு யானைகள் முகாமில் தீனி கொடுக்கும் நேரத்துக்கு நில்லுங்கள். ராகி, கொள்ளு, அரிசி ஒவ்வொன்றையும் தனித்தனியாக வேகவைத்து, செங்கல் மாதிரிக் கட்டியாக வெட்டி அடுக்கியிருப்பார்கள். பாகன் அதில் வெல்லமும் உப்பும் சேர்த்துக் கையால் பிசைந்து உருட்டுவார். யானை துதிக்கையைத் தூக்கி வாயைத் திறக்கும். கை மணிக்கட்டுவரை உள்ளே போய் உருண்டையை வைத்துவிட்டு வெளியே வரும். எந்த யானைக்கு எது எவ்வளவு என்பது கரும்பலகையில் எழுதியிருக்கும்.

தங்குவதற்குத் தெப்பக்காடு வனத்துறை விடுதி, இல்லாவிட்டால் 7 கி.மீ. தள்ளி மசினகுடி.

யானை ரோட்டில் நின்றால்

இதை வண்டியில் வருகிற எல்லோரும் படித்திருக்க வேண்டும், ஓட்டுகிறவர் மட்டும் போதாது. முதலில் யானை எப்படி இருக்கிறது என்று பாருங்கள். காதை விசிறிக்கொண்டு, வாலை ஆட்டிக்கொண்டு, புல்லைப் பிடுங்கி முன்னங்காலில் தட்டி மண்ணை உதிர்த்துத் தின்றுகொண்டிருந்தால் அது தன் வேலையைப் பார்க்கிறது. தின்பதை நிறுத்திவிட்டு அசையாமல் நின்றால் உங்களைக் கவனிக்கிறது என்று அர்த்தம். காது இரண்டும் பலகை மாதிரி விரிந்து நின்று, வால் விறைத்து, துதிக்கை உள்ளே சுருண்டால் அடுத்தது ஓட்டம்தான்.

தொலைவில் பார்த்ததுமே நூறு மீட்டருக்கு முன்பாக நிறுத்துங்கள். ஹாரன் வேண்டாம், ஹைபீம் வேண்டாம், என்ஜினை உறுமவிட வேண்டாம். கண்ணாடியை ஏற்றிவிட்டு, ரிவர்ஸ் கியரில் போட்டுத் தயாராக இருங்கள். பின்னால் வருகிறவர் ஒட்டி நின்றுவிட்டால் பின்னோக்கிப் போக வழி இருக்காது. அதனால் காட்டு ரோட்டில் முன்வண்டிக்கும் உங்களுக்கும் எப்போதும் நாலு கார் இடம் இருக்கட்டும். குட்டி ஒரு பக்கம், தாய் ஒரு பக்கம் இருக்கும்போது நடுவில் நுழைவதுதான் பல விபத்துகளின் தொடக்கம். ஒரு யானை கடந்துவிட்டது என்று உடனே கிளம்பவும் கூடாது. மானும் அப்படித்தான், ஒன்று தாண்டினால் பின்னால் இன்னும் நாலு புதரில் நிற்கும். செல்ஃபிக்காக இறங்குவதை நாங்கள் கெஞ்சிக் கேட்டுத் தடுக்க விரும்புகிறோம். இறங்கினவருக்கு அடிபட்டால் கடைசியில் அந்த யானையைத்தான் பிடித்துக் கூண்டில் அடைக்கச் சொல்வார்கள்.

இரண்டாம் நாள்: பந்திப்பூர்

தெப்பக்காட்டிலிருந்து கக்கநல்லா தாண்டினால் கர்நாடகம். மேலுகாமனஹள்ளி வரை காடு. இந்தச் சாலையில் இரவு 9 முதல் காலை 6 வரை போக்குவரத்துக்குத் தடை. 2009 முதல் அமலில் இருக்கிறது. ஆம்புலன்சையும் குறிப்பிட்ட சில அரசுப் பேருந்துகளையும் தவிர யாரையும் விடமாட்டார்கள். எட்டே முக்காலுக்குச் சாவடிக்கு வந்து, ஒன்பதுக்குள் தாண்டிவிடலாம் என்று காட்டுக்குள் விரட்டுவதைப் போல ஆபத்து வேறில்லை, அந்த நேரத்தில்தான் விலங்குகள் ரோட்டோரம் வரும். மாலை ஐந்துக்குள் தெப்பக்காடு திரும்பிவிடுவதாக வைத்துக்கொள்ளுங்கள். காட்டுக்குள் 30 கி.மீ. வேகம், நடுவில் நிறுத்தினால் அபராதம் போடுவார்கள்.

குண்டலுப்பேட்டை பக்கம் ஹிமவத் கோபாலசுவாமி பெட்டா, 1,454 மீட்டர். மேலே தனியார் வண்டி போகக் கூடாது. அடிவாரத்தில் நிறுத்திவிட்டுக் கர்நாடக அரசுப் பேருந்தில் போக வேண்டும். காலையிலேயே போனால் மஞ்சு விலகும்போது கீழே புல்வெளிச் சரிவில் யானைக் கூட்டம் தெரிய வாய்ப்பு அதிகம்.

மூன்றாம் நாள்: கல்லட்டி ஏற்றம்

மசினகுடியிலிருந்து ஊட்டிக்கு 30 கி.மீ.தான், ஆனால் 36 கொண்டை ஊசி வளைவுகள். வெளி மாவட்ட வண்டிகள் இந்த வழியில் இறங்கக் கூடாது, ஏறலாம். அந்தத் தடைக்குக் காரணம் பிரேக் பிடிக்காமல் பள்ளத்தில் விழுந்த வண்டிகள். இந்தப் பயணத் திட்டத்தைக் கூடலூர் வழியாக இறங்கிக் கல்லட்டி வழியாக ஏறும்படி அமைத்ததே இதற்காகத்தான்.

ஏற்றத்தில் பெரும்பாலும் முதல், இரண்டாம் கியர்தான். வளைவுக்குள் நுழைந்த பிறகு கியர் மாற்றினால் வண்டி மூச்சுத் திணறி நின்றுவிடும். வளைவுக்கு முன்பே மாற்றிவிடுங்கள். நின்று கிளம்பும்போது பாதி கிளட்சில் வண்டியைத் தாங்கிப் பிடிக்காமல் ஹேண்ட்பிரேக்கில் நிறுத்தி, வண்டி முன்னால் இழுக்கத் தொடங்கியதும் விடுங்கள். கருகிய நாற்றம் ஏறும்போது வந்தால் அது கிளட்ச். இறங்கும்போது வந்தால் பிரேக். சூட்டு முள் நடுவைத் தாண்டினால் ஏசியை நிறுத்துங்கள்.

ஊட்டியிலிருந்து கோத்தகிரி, மேட்டுப்பாளையம் இறக்கம். இங்கேதான் என்ஜின் பிரேக் தேவை. எந்த கியரில் ஏறுவீர்களோ அதே கியரில் இறங்க வேண்டும் என்பது பழைய டிரைவர்கள் சொல்லும் கணக்கு. இன்றைக்கும் அதை விஞ்சிய விதி இல்லை. இரண்டாம் கியரில் போட்டுக் காலை எடுத்துவிட்டால் என்ஜினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். பிரேக்கை வளைவுக்கு முன் ஒருமுறை அழுத்தமாக மிதித்து விடுங்கள், லேசாக வைத்துக்கொண்டே வராதீர்கள். ஆட்டோமேட்டிக் வண்டியில் எல் அல்லது மேனுவல் நிலை. பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் உருட்டுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இப்போதைய வண்டிகளில் கியரில் இறங்கும்போது என்ஜினுக்கு எரிபொருள் நின்றுவிடும், நியூட்ரலில்தான் செலவாகும். மின்சாரக் கார் வைத்திருப்பவர்கள் ஊட்டியில் பேட்டரியை நூறு சதவீதம் ஏற்றிவிட்டு இறங்க வேண்டாம். நிரம்பிய பேட்டரி இறக்கத்தில் உண்டாகும் மின்சாரத்தை வாங்காது, முழு பாரமும் பிரேக்குக்கு வந்துவிடும். 80 போதும்.

பிரேக் நாறினால் அகலமான இடத்தில் நிறுத்தி, கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, அரை மணி காத்திருங்கள். தண்ணீர் ஊற்றக் கூடாது, சுட்ட டிஸ்க் கோணிக்கொள்ளும். ஏறுகிற வண்டிக்கு எப்போதும் வழிவிட வேண்டும். வளைவில் பேருந்து வருகிறது என்றால் வளைவுக்கு முன்பே நின்றுவிடுங்கள். அது திரும்ப ரோடு முழுவதும் வேண்டும்.

அன்று இரவு பொள்ளாச்சி. நாள் முழுக்கச் சுமார் 170 கி.மீ.

நான்காம், ஐந்தாம் நாள்: வால்பாறையும் மளுக்கப்பாறைக் காடும்

பொள்ளாச்சியிலிருந்து 64 கி.மீ. ஆழியாறு சாவடியில் இ-பாஸ் பார்ப்பார்கள். அதற்கு மேல் 40 வளைவுகள், ஒவ்வொன்றிலும் எண் பலகை. ஒன்பதாவது வளைவு லோம்ஸ் காட்சிமுனை. ஆழியாறு அணை முழுவதும் காலடியில் கிடக்கும். அதன் சுற்றுப் பாறைகளில் வரையாடு நிற்பதை அவசரப்படாமல் தேடுங்கள், பாறை நிறத்திலேயே இருக்கும். வால்பாறைக்குச் சற்று முன்னால் புதுத்தோட்டத்தில் சிங்கவால் குரங்குகள். சாலைக்கு மேலே மரத்துக்கு மரம் கட்டியிருக்கும் தொங்கு பாலங்கள் அவற்றுக்காகத்தான். ஒரு பிஸ்கட் போட்டாலும் அது ரோட்டுக்கு இறங்கிப் பழகிவிடும், பிறகு சக்கரத்தில் மாட்டும்.

தேயிலைத் தோட்டச் சாலைகளில் கம்பத்தில் சிவப்பு விளக்கு மினுங்கினால் பக்கத்தில் யானை இருக்கிறது. நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் என்ற காட்டுயிர் ஆய்வு அமைப்பு செய்த ஏற்பாடு. உள்ளூர்க்காரர்களே கைப்பேசியில் அதை எரியவிடுவார்கள். விளக்கு எரிந்தால் திரும்பி விடுதிக்குப் போங்கள். இருட்டிய பிறகு குழந்தைகளை வெளியே விடக் கூடாது, தேயிலைப் புதருக்குள் சிறுத்தை நடமாடும் ஊர் இது.

ஐந்தாம் நாள்தான் இந்தப் பயணத்தின் நடுநாயகம். வால்பாறையில் டேங்கை நிரப்பிக்கொண்டு ஏழு மணிக்குக் கிளம்புங்கள். மளுக்கப்பாறை 26 கி.மீ. அங்கே கேரள வனத்துறைச் சாவடியில் வண்டி எண்ணையும் நேரத்தையும் எழுதி, பிளாஸ்டிக் இருக்கிறதா என்று பார்த்து விடுவார்கள். காட்டின் மறுமுனையில் வாழச்சால் சாவடியில் எப்போது வெளியே வந்தீர்கள் என்று மறுபடி பார்ப்பார்கள். நடுவே 50 கி.மீ. பெட்ரோல் இல்லை, பஞ்சர் கடை இல்லை, பெரும்பாலும் சிக்னலும் இல்லை. மாலையில் உள்ளே விடுவதை நிறுத்திவிடுவார்கள் என்பதால் எப்படியும் மதியத்துக்கு முன் நுழைந்துவிடுங்கள். சாலை குறுகல், எதிரே பேருந்து வந்தால் ஒருவர் பின்வாங்க வேண்டியிருக்கும். கண்ணாடியை இறக்கி வைத்து மெதுவாகப் போங்கள். இருவாச்சியைக் கண்ணுக்கு முன் காது கண்டுபிடிக்கும். அது பறக்கும்போது சிறகடிப்பு நீராவி விட்டு விட்டுச் சீறுகிற மாதிரி கேட்கும்.

வாழச்சாலுக்கு 5 கி.மீ. கீழே அதிரப்பள்ளி, சுமார் 80 அடி உயரம். இரண்டுக்கும் ஒரே சீட்டு செல்லும். மேலே பெரிங்கல்குத்து அணை இருப்பதால் தண்ணீர் திடீரென்று கூடும், கயிறு கட்டிய இடத்தைத் தாண்டிப் பாறையில் கால் வைக்காதீர்கள். இரவு சாலக்குடி.

ஆறு, ஏழாம் நாள்: மூணாறு, இரவிகுளம், சின்னாறு

சாலக்குடியிலிருந்து அங்கமாலி, கோதமங்கலம், அடிமாலி வழியாக மூணாறு. ஓட்டம் மட்டும்தான், சொல்ல அதிகமில்லை. மதிய வெயிலில் நேரியமங்கலம் தாண்டினால் நிழல்.

ஏழாம் நாள் இரவிகுளத்துக்கு அன்றைய முதல் சீட்டாக எடுங்கள். நுழைவாயிலில் காரை விட்டுவிட்டு வனத்துறைப் பேருந்தில் ராஜமலை. 1978-ல் தேசியப் பூங்கா ஆன இடம், 97 சதுர கி.மீ. எதிரே 2,695 மீட்டர் ஆனைமுடி. வரையாடு கைக்கெட்டும் தூரத்தில் மேயும். தொட வேண்டாம், தீனி கொடுக்க வேண்டாம். குறிஞ்சிப் பூவைத் தேடி வருகிறவர்களுக்கு: 2018-ல் பூத்தது, அடுத்தது 2030.

பதினொரு மணிக்குள் கிளம்பினால் நிதானமாக இறங்கலாம். மூணாறிலிருந்து உடுமலை 85 கி.மீ., மூன்று மணி நேரம். இந்தச் சாலை ஓர் அதிசயத்தைக் கண்முன்னே நடத்திக் காட்டும். தேயிலை, சோலை, மறையூர்ச் சந்தனம் என்று வந்து, ஒரு சில வளைவுகளில் சட்டென்று முள்காடும் கள்ளியும். மேற்கிலிருந்து வரும் மழைமேகத்தை ஆனைமுடித் தொடர் தடுத்துப் பிழிந்துவிடுவதால் சின்னாறு மழை மறைவுப் பகுதியாகிவிட்டது. இங்கே நட்சத்திர ஆமையும் சாம்பல் நிற மலை அணிலும் உண்டு. மறையூரில் வெல்லம் வாங்கிக்கொள்ளுங்கள், 2019-ல் புவிசார் குறியீடு பெற்றது.

சின்னாறு முதல் ஒன்பதாறு வரை இரு மாநிலச் சாவடிகளுக்கு நடுவே நிறுத்தக் கூடாது. வெளிச்சம் இருக்கும்போதே தாண்டிவிட வேண்டும். உடுமலையில் டீக்கு நிறுத்தும்போது நாலு சக்கரத்துப் பக்கமும் கையைக் கிட்டே கொண்டுபோய்ப் பாருங்கள், தொட வேண்டாம். ஒரு சக்கரம் மட்டும் மற்றதைவிட அதிகமாகக் கொதித்தால் அதன் காலிபர், அதாவது பிரேக் பேடை அழுத்திப் பிடிக்கும் பாகம், விடாமல் ஒட்டிக்கொண்டிருக்கலாம். கோவைக்கு இன்னும் 70 கி.மீ. இருக்கிறது, மெக்கானிக்கைப் பார்த்துவிட்டே கிளம்புங்கள்.